யோசேப்பு சொல்லக்கூடியது, அவன் சகோதரர்கள் சொல்லக்கூடாதது

ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வரும்போது, சேலத்தில் எங்கள் சபையில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்குக் கிடைத்தவற்றைக் குறித்தே பேசுகிறார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஆகவே கர்த்தர் எங்களை நடத்தினார் என்கிறார்கள். இவை யாவும் நன்றிக்குரியவை. நானும் அவர்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆயினும் வேலை கிடைக்காத ஒருவனுடைய தாயும் அதே வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள். அவளைத் தேவன் நடத்தவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? தேவ நடத்துதலை ஆதாயத்தைக் கொண்டு அளந்தால், நம் ஆண்டவரின் வாழ்வையே நடத்தப்படாத வாழ்வு என்று சொல்ல வேண்டிவரும்.

இதைப்பற்றி நினைக்கும்போதெல்லாம் நான் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் யோசேப்பின் வரலாற்றுக்குத் திரும்புகிறேன். அவன் சகோதரர்களால் குழியில் தள்ளப்பட்டு, எகிப்துக்குப் போகிறவர்களிடம் விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17. பின்பு எகிப்தில் பொய்க் குற்றச்சாட்டால் சிறைப்பட்டு, அங்கே அரசனுடைய பானபாத்திரக்காரனிடம் தன் நிலையை எடுத்துச் சொல்லும்போது, தான் எபிரெயருடைய தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்டதாகவும், சிறையில் வைக்கப்படும்படி எந்தக் குற்றமும் செய்யவில்லை என்றும் மட்டுமே அவன் சொல்கிறான். தேவன் தன்னை அனுப்பினார் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. கர்த்தர் அவனோடே இருந்தார் என்று வேதம் அந்தச் சிறைச்சாலையைக் குறித்துச் சொல்கிறது. அதை வேதத்தை எழுதியவர் சொல்கிறாரேயன்றி யோசேப்பு சொல்லவில்லை. எகிப்தில் அதிபதியாக உயர்ந்த பிறகு, பஞ்சத்தின் இரண்டாம் ஆண்டில் தானியம் தேடி வந்த சகோதரர்கள் தன் முன் நின்றபோது, அதாவது விற்கப்பட்டு ஏறத்தாழ 22 ஆண்டுகள் கழித்துத்தான், “ஜீவரட்சணை செய்யும்படிக்குத் தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார்” என்று அவனால் சொல்ல முடிந்தது. அதன்பின் அவன் தந்தை யாக்கோபு இறக்கும்வரை எகிப்தில் வாழ்ந்த 17 ஆண்டுகளையும் கூட்டிக்கொண்டால், “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்ற புகழ்பெற்ற சொற்களை அவன் சொன்னபோது, குழியில் தள்ளப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 39 ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்தச் சொற்களுக்குள் தீமை தீமையாகவே இருக்கிறது. அதற்கு வேறு பெயர் சூட்டப்படவில்லை. அதே சொற்களை அந்தச் சகோதரர்கள் யோசேப்பிடம் சொல்லியிருந்தால், உன்னைக் குழியில் தள்ளியது தேவ சித்தம் என்று அவர்கள் அவனைத் தேற்ற முயன்றிருந்தால், அது எவ்வளவு கொடுமையானதாக இருந்திருக்கும்! நம் துக்க வீடுகளில் இந்தக் கொடுமை அன்றாடம் நல்ல மனத்தோடே செய்யப்படுகிறது என்பதை எண்ணி நான் வருந்துகிறேன்.

என் வாழ்வை உருவாக்கிய காலம் என்று எதையாவது குறிப்பிடச் சொன்னால், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டில் கழித்த நாட்களையே சொல்வேன். அப்பா சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்துவந்தார். நான் பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டில் அந்தப் பட்டறை மூடப்பட்டது. கல்லூரியில் இடம் கிடைத்திருந்தும் பணம் கட்ட வழியில்லை. பெரியப்பா ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தார். பெரியம்மாவுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்படித்தான் நான் மலைக்கு அனுப்பப்பட்டேன். என் தோழிகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டும், பெரியம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டும் இருந்தேன்.

பெரியம்மா என்னிடம் கேட்டதெல்லாம் வாசிப்புதான். காலையில் சங்கீதம், மாலையில் சுவிசேஷம், இடையில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள், தோட்டத்துக் கூலிக் கணக்கு, மருந்து டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது என்று எல்லாவற்றையும் உரக்க வாசிக்க வேண்டும். நான் வேகமாக ஒப்பித்துவிட்டுப் போகப் பார்ப்பேன். அப்போதெல்லாம் அவர், “கண்ணு, எழுத்துக்குப் படிக்காத, எனக்குப் படி” என்பார். கேட்பவரின் மூச்சுக்கு ஏற்ப நிறுத்தி வாசிக்கவும், அறையில் எது எங்கே இருக்கிறது என்பதை வாயால் சொல்லவும், ஒருவருக்காகக் கதவைத் திறக்கும் முன் அவரிடம் அதைச் சொல்லிவிட்டுத் திறக்கவும் நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றும் சேர்வராயன் மலையில் பலருக்குச் சோறு போடுகிறது. அந்தச் செடியைப் பற்றிப் பெரியப்பா ஒருமுறை விளக்கினார். மழையில்லாத மாதங்களில் மொட்டுகள் கிளையில் வளராமல் உறங்கியிருக்கும். மார்ச் வாக்கில் நல்ல மழை ஒன்று விழுந்தால் பத்து நாட்களுக்குள் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெண்மையாகும். பழம் கனிய அதற்குப் பிறகும் எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். இடையில் அந்த வறட்சி இல்லாவிட்டால் செடி அப்படி ஒருசேரப் பூக்காது. அன்று அது எனக்கு வெறும் விவசாயச் செய்தியாகவே இருந்தது. அதைத் தாண்டி அதில் எதையும் காணும் மனநிலையில் நான் இல்லை.

பெரியம்மாவின் மறைவுக்குப் பின் சேலத்துக்குத் திரும்பியபோது, எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அக்காள், பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வாசித்துக்காட்ட ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி என்னை அழைத்துச் சென்றார். அங்கேயே, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தாகிய பிரெய்ல் கற்றேன், பயிற்சி பெற்றேன், ஆசிரியையானேன். நாட்டின் மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் தமிழ் எழுத்துகளும் ஆறு புள்ளிகளுக்குள் அடங்கியிருப்பதை முதலில் விரல் நுனியால் உணர்ந்தபோது, நாகலூர் வீட்டின் ஒவ்வொரு மாலையும் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றுதான் முதன்முறையாக, நான் நடத்தப்பட்டிருக்கிறேன் என்று நடுக்கத்தோடு சொல்லத் துணிந்தேன்.

ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். என்னை ஆசிரியையாக்குவதற்காகத் தேவன் பெரியம்மாவின் பார்வையை எடுத்தார் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவர் தமக்குப் பார்வை திரும்ப வேண்டும் என்று கடைசிவரை ஜெபித்தவர். அந்த ஜெபத்துக்கான பதில் அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலானது, என் சாட்சிக்கு அது துணைக்கதை ஆகாது. லூயி பிரெய்லின் வாழ்க்கையை என் மாணவர்களுக்குச் சொல்லும்போதும் இதே கவனத்தோடுதான் சொல்கிறேன். பிரான்ஸில் கூப்வ்ரே என்ற ஊரில் 1809-இல் பிறந்த அவர், குதிரைச் சேணம் செய்யும் தந்தையின் பட்டறையில் மூன்று வயதில் ஒரு குத்தூசியால் கண்ணில் காயப்பட்டார். சீழ் மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் இரு கண்களிலும் பார்வை போயிற்று. 1824-இல், 15 வயதில், புள்ளி எழுத்து முறைக்கு உருக்கொடுத்தார். இன்று எங்கள் பிள்ளைகள் காகிதத்தில் புள்ளி குத்தும் எழுத்தாணியும் குத்தூசியைப் போன்ற கூர்முனைக் கருவிதான். அந்தக் குழந்தையின் கண்ணில் தேவன் ஊசியைப் பாய்ச்சினார் என்று சொல்ல என் விசுவாசம் இடங்கொடுக்காது. அந்த இருட்டுக்குள்ளும் அவனை விட்டுவிடாமல் அவர் உழைத்தார் என்று சொல்ல இடங்கொடுக்கிறது.

ஓர் அனுபவத்தில் தேவனுடைய கை இருந்ததா என்று ஆராயும்போது, அது என்னை எங்கே உயர்த்தியது என்பதைவிட, யாருக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதையே நான் பார்க்கிறேன். யோசேப்பும் தன் அதிகாரத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு நின்றுவிடவில்லை. வெகு ஜனங்கள் உயிரோடே காக்கப்பட்டதைச் சொன்னான். தன் இளைய மகனுக்குப் பெயரிட்டபோதும், எகிப்தை ‘நான் சிறுமைப்பட்டிருந்த தேசம்’ என்றே குறிப்பிட்டான்.

இந்த அளவுகோலுக்குள் அடங்காதவையும் என் வாழ்வில் உண்டு. பட்டறை மூடப்பட்ட பின் அப்பா பழைய உற்சாகத்தை மீண்டும் பெறவேயில்லை. அதிக நாள் இருக்கவும் இல்லை. அதில் எந்த நடத்துதலையும் நான் இதுவரை காணவில்லை. சாட்சி முழுமையாக இருக்க வேண்டுமென்பதற்காக அதற்கு ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஜெபத்தில் அதை அப்படியே ஆண்டவர் முன் வைக்கிறேன்.

பள்ளியில் புதிதாகச் சேர்க்க வரும் தாய்மார்களில் சிலர், என் பிள்ளைக்கு ஏன் இப்படி என்று என்னைக் கேட்பதுண்டு. அவர்களிடம் யோசேப்பின் வசனத்தை நான் எடுப்பதில்லை. அதை என்றேனும் அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். தாயையும் பிள்ளையையும் ஒரே பலகைக்கு முன் அமர்த்தி, ‘அ’ என்பதற்கு ஒரே ஒரு புள்ளிதான் என்று காட்டி, இருவருக்கும் சேர்த்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.