ஈறு செல்களோடு பழகிய மாதங்கள்

ஈறு வீக்கம் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று முடிவானபோது பாக்டீரியாவைத்தான் அதிகம் படித்து வைத்திருந்தேன். மாதக்கணக்கில் என்னை அலைக்கழித்தவை, ஈற்றின் நார்த்திசுவை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்.

கடைவாயின் ஞானப்பல்லை அறுவை செய்து எடுக்கும்போது ஒட்டி வரும் ஈறுத் துண்டை, நோயாளியின் ஒப்புதலோடு வாங்கி வருவோம். அதைக் கடுகளவு துண்டுகளாக நறுக்கித் தட்டில் ஒட்ட வைக்க வேண்டும். வாயிலிருந்து வருவதால் அதோடு கிருமிகளும் வரும். ஆன்டிபயாட்டிக் கரைசலில் நான் போதுமான தடவை அலசவில்லை. முதல் இரண்டு முயற்சியும் பூஞ்சை பிடித்துக் கலங்கிப்போயின. மூன்றாவது முறை அலசும் எண்ணிக்கையைக் கூட்டினேன். துண்டுகள் மிதந்துவிடாதபடி வளர்ப்பு ஊடகத்தையும் கொஞ்சமாகவே ஊற்றி, 37 டிகிரி வெப்பம், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் வைத்தேன். சில நாட்கள் தட்டை அசைக்கவே கூடாது. இரண்டாவது வாரம் துண்டுகளின் ஓரத்திலிருந்து கதிர்க்கோல் வடிவச் செல்கள் ஊர்ந்து வெளியே வந்திருந்தன. தட்டு நிறைய நிறைய, ஒரே திசையில் நீந்தும் மீன் கூட்டம்போல வரிசை கட்டின.

செல்கள் கிடைத்த பிறகுதான் உண்மையான சிரமம். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து பிரித்தெடுத்த லிப்போபாலிசாக்கரைடைச் சேர்த்தால், செல்லின் மேற்பரப்பில் உள்ள டோல் ஏற்பிகள் அதை உணர்ந்து, உள்ளே என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை முடுக்கிவிடும். வீக்கத்தைத் தூண்டும் செய்திப் புரதங்களான இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 வெளியே வரும். இவற்றில் இன்டர்லூக்கின்-8, வெள்ளையணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும் அழைப்பு. படித்தது இவ்வளவுதான். என் தட்டிலோ எதுவும் வரவில்லை. காரணம், சீரம் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) இல்லாத ஊடகத்தில் நான் சோதித்ததுதான். லிப்போபாலிசாக்கரைடைப் பிடித்து ஏற்பியிடம் கொண்டு சேர்க்கும் துணைப் புரதங்கள் சீரத்தில் இருக்கின்றன. கொஞ்சம் சீரம் சேர்த்ததும் அளவு ஏறியது.

இன்னொரு தொகுதியில் எதுவும் சேர்க்காத கிணறுகளிலேயே (தட்டில் உள்ள சிறு குழிகள்) இன்டர்லூக்கின்-6 உயர்ந்திருந்தது. பரிசோதித்தால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. நுண்ணோக்கியில் தெரியாது, ஊடகத்தைக் கலக்காது, ஆனால் செல்களைச் சதா உசுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தொகுதி முழுவதையும் அழித்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே அதற்கான சோதனையைச் செய்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவருடைய செல்கள் தரும் பதில் இன்னொருவருடையதைப்போல் இருக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அளவு லிப்போபாலிசாக்கரைடுக்கு அவ்வளவு வேறுபாடு வந்தபோது என் பிப்பெட்டைத்தான் சந்தேகப்பட்டேன்.

அடுத்தது உயிருள்ள பாக்டீரியா. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் ஆக்சிஜனை விரும்பாதது. காற்றில்லா அறையில், இரத்த அகார் தட்டில் நாட்கள் செல்லச் செல்லக் கறுத்துப்போகும். ஒரு செல்லுக்கு 100 பாக்டீரியா என்ற கணக்கில் சேர்த்து, 24 மணி நேரம் கழித்து, திரவத்தில் உள்ள புரதத்தை அளக்கும் எலைசா சோதனையைச் செய்தேன். பாக்டீரியா இல்லாத கிணற்றைவிட இன்டர்லூக்கின்-6 குறைவு! மூன்று முறை திரும்பச் செய்தும் அதே கதை. சில செல்கள் உருண்டு, தட்டிலிருந்து கழன்றிருந்தன. ஆனாலும் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. நோட்டில் 'பதில் இல்லை' என்று எழுதிவிட்டு வழிகாட்டியிடம் போனேன்.

"செல் பேசலைன்னு எப்படிம்மா முடிவு பண்ணின? பேசினதை யாராவது அழிச்சிருந்தா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். இந்தப் பாக்டீரியா ஜிஞ்சிபெயின் என்ற புரதம் அறுக்கும் நொதிகளைச் சுரக்கிறது என்று நானே படித்திருந்தேன். என் தட்டோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. மரபுச் செய்தியைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆரில் பார்த்தபோது, இன்டர்லூக்கின்-6ஐச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏ நன்றாக உயர்ந்திருந்தது. செல் செய்தி எழுதிக்கொண்டுதான் இருந்தது. வெப்பத்தால் கொன்ற பாக்டீரியாவைச் சேர்த்தால், நொதி செயலிழந்துவிட்டதால், புரதமும் ஏறியது. கடைசியாக, செல்களே இல்லாத குழாயில் அளந்த இன்டர்லூக்கின்-6ஐ பாக்டீரியா வளர்ந்த திரவத்தோடு கலந்து வைத்தேன். அது குறைந்துகொண்டே போனது. நொதித் தடுப்பானைச் சேர்த்த குழாயில் அப்படியே இருந்தது.

பல்லைச் சுற்றிய ஈற்றில் இது நடந்தால் வெள்ளையணுக்களுக்குப் போகும் தகவல் குழம்பும். அதே சமயம் தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட், தான் கட்டிய கொலாஜனையே கரைக்கும் நொதிகளைச் சுரக்கும். வலியே இல்லாமல் பல் ஆடத் தொடங்கிய நோயாளிகளை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழாய்கள் கண்முன் வருகின்றன.

இப்போது அதே செல்களைக் கொலாஜன் ஜெல்லில் பதித்து, மேலே ஈற்றின் மேல்தோலான எபிதீலியச் செல் அடுக்கை வளர்க்கிறேன். வாயில் பாக்டீரியா முதலில் தொடுவது அந்த அடுக்கைத்தானே. முதல் ஜெல் சுருங்கிவிட்டது. இரண்டாவது இன்னும் தாக்குப்பிடிக்கிறது.