பதில் கடிதத்தின் வயது: களியக்காவிளை நாட்குறிப்பு

6 அக்டோபர் 2025, திங்கள்

வெளிநாட்டு விவகாரம் பற்றி எம்.பி.க்கு மனு போட்டு வரும் பதிலில் தேதியை நம்பக் கூடாது. தட்டச்சு செய்பவர் புதிதாக்குவது அதை மட்டும்தான். உள்ளே இருக்கும் பெயர்களைப் பாருங்கள். "வெளிநாடுவாழ் இந்தியர் நல அமைச்சகத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்படும்" என்று இருந்தால் அந்தப் பத்திக்குக் குறைந்தது 9 வயது. 2004-இல் தொடங்கிய அந்த அமைச்சகம் 2016 ஜனவரியிலேயே வெளியுறவு அமைச்சகத்தோடு சேர்ந்துவிட்டது. சுஷ்மா சுவராஜ் அமைச்சராகப் பேசினால் 2019 மே மாதத்துக்கு முந்தையது. இலங்கை அதிபர் சிறிசேனா என்றால் அதே ஆண்டு நவம்பருக்கு முந்தையது. கோத்தபய என்றால் 2022 ஜூலை, ரணில் என்றால் 2024 செப்டம்பர்.

பெயரே இல்லாத கடிதமும் வரும். அதில் "இதுவரை", "அண்மையில்", "தற்போது" என்ற மூன்று சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். எந்தத் தேதி வரை என்று சொல்லாத "இதுவரை", உப்பு போட்ட கருவாடு மாதிரி, எத்தனை வருஷமும் தாங்கும்.

8 அக்டோபர், புதன்

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. வெளியுறவில் ஒரு புது வாக்கியம் வெளியே போக வேண்டுமென்றால் கோப்பு மேலே ஏறி இறங்க வேண்டும். நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஒருமுறை சொன்ன வாக்கியம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றது. அதையே எடுத்து எழுதினால் கேட்பார் இல்லை. அதனால் அமைச்சகத்தில் அதை எடுத்து ஒட்டுகிறார்கள்.

கெடுதல் நடப்பது இரண்டாவது ஒட்டில். அமைச்சகத்தின் பதில் எம்.பி. அலுவலகத்துக்கு வருகிறது. அங்கே உதவியாளர் அதைத் தமிழாக்கி, அடுத்த மனுவுக்கும் ஆகும் என்று கணினியில் வைத்துக்கொள்கிறார். மூலத்தில் இருந்த தேதி அங்கேதான் உதிர்கிறது.

சரிபார்க்க வழி உண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் நாடாளுமன்றக் கேள்வி பதில்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பதிலில் உள்ள நாட்டின் பெயரையும் ஓர் எண்ணையோ ஒப்பந்தத்தின் பெயரையோ ஆங்கிலத்தில் இட்டுத் தேடினால், அந்தப் பத்தி எந்த நாளில் மக்களவையில் பிறந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்தத் துறைக்கு இப்போது மக்களவையில் வெள்ளி, மாநிலங்களவையில் வியாழன்.

பழைய வாக்கியம் எல்லாம் தவறு என்று குதிக்கவும் வேண்டாம். இலங்கையில் 13-ஆவது சட்டத் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற வரி, 1987 உடன்பாட்டிலிருந்து கிளைத்து, ஆட்சிகள் மாறியும் அப்படியே வருகிறது. அது அரசின் நிலைப்பாடு, பழசானாலும் செல்லும். தகவல் பழசாவதுதான் ஆபத்து.

11 அக்டோபர், சனி

எங்கள் குமரிக் கடலோரத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்கள் சூண்டையும் (தூண்டில்) வலையுமாக ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் பாக் நீரிணைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வளைகுடாப் பக்கம் பிடிபட்டவருக்காகப் போட்ட மனுவுக்குக் கச்சத்தீவுப் பத்தி பதிலாக வருகிறது: 1974, 1976 ஒப்பந்தங்கள், 2016-இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு, பேச்சுவார்த்தை தொடர்கிறது. பொருள் வரியில் "மீனவர் கைது" என்று இருந்ததால் வந்த வினை. தபாலைப் பிரிப்பவர் அந்த இரண்டு சொல்லைக் கண்டதும் இலங்கைக் கோப்புக் கட்டுக்குள் போட்டுவிடுவார்.

மருந்து எளிது. பொருள் வரியின் முதல் சொல்லாக நாட்டின் பெயர் வர வேண்டும். "ஈரான்: கைதான இந்திய மீனவர்கள் – இலங்கை தொடர்பற்றது" என்று வெட்டவெளிச்சமாக எழுதுங்கள்.

தியேகோ கார்சியா (சாகோஸ் தீவுகளில் ஒன்று) பக்கம் பிடிபட்டால் இன்னும் சிக்கல். சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியசுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே 22 அன்று கையெழுத்திட்டது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இப்போதைக்கு மனுவில் பிரிட்டன்தான் எதிர்த்தரப்பு. அடுத்த வருஷம் இதே வரியை நகலெடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பத்தியை ஒட்டும் வியாதி மனு எழுதுகிறவரையும் விடாது.

16 அக்டோபர், வியாழன்

வளைகுடா பற்றிய பதில்களில் அடிக்கடி வரும் வரி: "முதலாளியின் அனுமதியின்றித் தொழிலாளி நாட்டை விட்டு வெளியேற இயலாது என்பது அந்நாட்டுச் சட்டம்." எந்த நாட்டுச் சட்டம், எந்த ஆண்டு?

கத்தாரில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வெளியேறும் அனுமதி 2018 அக்டோபரில் நீங்கியது. வீட்டு வேலைக்காரர்களுக்கும் 2020 ஜனவரியில் நீட்டினார்கள். வேலை மாற முதலாளியின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு போனது. சவூதியில் தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு 2021 மார்ச் 14 முதல் தளர்வு. ஆனால் வீட்டு வேலை, வீட்டு ஓட்டுநர், தோட்டம், ஆடு மேய்ப்பு இதில் சேராது. நம் பக்கத்து மனுக்களில் இந்த வேலைகள் நிறைய வரும், கவனம்.

குவைத்தில் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. தனியார் துறையில் உள்ள வெளிநாட்டவருக்கு 2025 ஜூலை 1 முதல் வெளியேறும் அனுமதி புதிதாகக் கட்டாயம். ஆக, அந்த ஒரே வரி கத்தாருக்குப் பழசு, குவைத்துக்குப் புதுசு, சவூதிக்கு ஆளைப் பொறுத்து.

18 அக்டோபர், சனி

"பதிவுத் தபாலில் அனுப்பவும்" என்று இன்னும் அச்சாகிறது. பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. விரைவுத் தபாலிலேயே அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

23 அக்டோபர், வியாழன்

அச்சுப் பத்தியால் பதில் சொல்ல முடியாதபடி மனு எழுதுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பொதுக் கேள்வி கேட்டால் பொதுப் பதில்தான் வரும். "மீட்க ஆவன செய்க" என்றால் "ஆவன செய்யப்படும்". தேதியோ எண்ணோ மட்டுமே பதிலாக வரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: தூதரக அதிகாரி கைதானவரை நேரில் பார்த்த தேதி என்ன? அடுத்த விசாரணை எந்த நாள்? இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து வக்கீல் செலவுக்கோ விமான டிக்கெட்டுக்கோ கோரிக்கை பதிவாகியிருக்கிறதா? 2009-இல் தொடங்கிய அந்த நிதி தூதரகத்தின் கையிலேயே இருக்கிறது; பதில்களில் அதைத் தானாக யாரும் சொல்வதில்லை.

மனு ஒரு பக்கம் போதும். மேலே ஐந்தாறு வரி ஆங்கிலச் சுருக்கம், கீழே தமிழ். தமிழ் மட்டும் இருந்தால் டெல்லியில் மொழிபெயர்ப்புக்காகக் கிடக்கும். பாஸ்போர்ட் எண், அந்நாட்டு அடையாள எண் (சவூதியென்றால் இக்காமா), முதலாளி அல்லது படகின் பெயர், காவல் நிலையம், கடைசியாகப் பேசிய தேதி ஆகியவை வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையப் புகார்த் தளத்தில் புகார் பதிந்து, அந்த எண்ணையும் எழுதுங்கள். எண் இருக்கும் மனு தூதரகக் கோப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். இல்லாதது தனியாக அலையும்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள். ஆதாரில் ஓர் அந்தோணி, வங்கியில் ஓர் அந்தோணி, படகுப் பட்டியலில் இன்னோர் அந்தோணி. மூன்றும் ஒரே ஆள் என்று தூதரகத்துக்கு எப்படித் தெரியும்?

1 நவம்பர், சனி

1956-இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். எல்லை கோட்டில் பிரிந்தாலும் படகில் பிரியவில்லை. தூத்தூர்ப் படகு கொச்சியில் மீன் இறக்கும். ஆட்களில் பாதி பொழியூர், விழிஞ்ஞம். எல்லாரும் ஒன்றாகப் பிடிபட்டால் கேரளக்காரர்களுக்காக நோர்க்காவும் (வெளிநாடுவாழ் கேரளியர்களுக்கான அம்மாநில அரசுத் துறை) நம்மவர்களுக்காகச் சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறையும் தனித்தனியாக எழுதும். இரண்டு கடிதத்திலும் ஆள் எண்ணிக்கை வேறாக இருந்தால் டெல்லியில் குழப்பம். மொத்தம் எத்தனை பேர், எந்த மாநிலத்தில் எத்தனை பேர் என்று இரண்டு மனுவிலும் ஒரே பட்டியலை இணையுங்கள். படகின் பதிவெண்ணும் வேண்டும். நம் மாவட்டப் பதிவு என்றால் ஐஎன்டி-டிஎன்-15 என்று தொடங்கும்.

5 நவம்பர், புதன்

எம்.பி. எழுதும் கடிதத்துக்கு அமைச்சகம் 15 நாளில் ஒப்புகையும் அடுத்த 15 நாளில் பதிலும் தர வேண்டும் என்பது மத்திய அரசின் அலுவலக விதி. பதில் போவது எம்.பி.க்குத்தான், மனுதாரருக்கல்ல. ஆகவே 35-ஆம் நாள் எம்.பி. அலுவலகத்துக்குப் போய், "அமைச்சகத்தின் மூலக் கடிதத்தின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். தமிழாக்கம் வேண்டாம், மூலம். உதிர்ந்த தேதி அதில் இருக்கும்.

நகல் தரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய், 30 நாள். கடிதத்தின் உள்ளடக்கத்தைக் கேட்டால் வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு. அதனால், என் மனு எந்தத் தேதியில், எந்த எண்ணில், எந்தத் தூதரகத்துக்கு அனுப்பப்பட்டது, அங்கிருந்து பதில் வந்த தேதி எது என்று மட்டும் கேளுங்கள்.

கூட்டத்தொடர் நெருங்கினால் எம்.பி.யிடமே கேள்வி எழுப்பச் சொல்லலாம். குறைந்தது முழு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கேள்வியை நீங்களே ஆங்கிலத்தில் எழுதி, நாலு உட்பிரிவோடு, முன்கூட்டியே கொண்டுபோய்க் கொடுங்கள். நட்சத்திரக் குறியில்லாத கேள்வியே போதும், எழுத்தில் பதில் வரும். அந்தப் பதிலை அச்சிட்டு எம்.பி. அலுவலக உதவியாளர் கையிலும் ஒரு பிரதி கொடுத்து, தேதியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வையுங்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்கு அவர் ஒட்டப்போவது அதைத்தான்.