7.5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி

"டீச்சர், இது புள்ளியா, அழுக்கா?"

படிவம் 5 மாணவன் ஒருவன் தாளைத் தூக்கிக் காட்டினான். 'படகு' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'ட' தலையில் ஒரு கரும்புள்ளி உட்கார்ந்து 'பட்கு' ஆகியிருந்தது. அதுவும் ஒற்றுப்பிழை திருத்தும் பயிற்சித்தாள். வகுப்பில் பாதிப் பேர் அதையும் பிழையென்று வட்டமிட்டுத் திருத்தியிருந்தார்கள்; அதற்கு மார்க்கும் கேட்டார்கள். அடுத்து கணித வகுப்பு. அங்கே 48 என்பது 4.8 ஆகிக் கிடந்தது. ஆங்கிலப் பாடத்தாளில் எழுத்தின் தலையில் அழுக்கு விழுந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தமிழில் அது மெய்யெழுத்து.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கடைவீட்டு மாடியில் சின்ன டியூஷன் சென்டர் நடத்துகிறேன். தமிழும் கணிதமும் மட்டும். அச்சு எந்திரம் பழைய எச்.பி. லேசர்ஜெட் 1020, யாரோ ஆபீஸை மூடும்போது விற்றது. அதற்கு 12ஏ கார்ட்ரிட்ஜ், அதாவது டோனர் என்னும் மைத்தூள் அடைத்த கூடு. மாதம் நான்கு ரீம், அதாவது 2,000 தாள் ஓடும். படிவம் 5 மாணவர்களின் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கினால் இன்னும் கூடும்.

12ஏ ஒரிஜினலின் பெட்டியில் 2,000 பக்கம் என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஐ.எஸ்.ஓ. 19752 என்ற அளவுகோல்படி, தாளில் சுமார் 5 விழுக்காடு இடத்தில் மட்டும் மை விழும் பக்கத்துக்கானது. நானோ தாளை மிச்சம் பிடிக்க ஓரம்வரை நெருக்கி அச்சடிக்கிறவள். எனக்கு ஒருபோதும் 1,500ஐத் தாண்டியதில்லை. நான் கடைசியாக ஒரிஜினல் வாங்கியபோது 330 வெள்ளி (ரிங்கிட்). ஒரு பக்கத்துக்கு 22 காசு. டியூஷன் கட்டணத்தில் அது கட்டுப்படியாகாது.

அதனால்தான் இணையத்தில் தலா 32 வெள்ளிக்கு இறக்குமதி கார்ட்ரிட்ஜ் ஐந்து சேர்த்து வாங்கினேன். சீனாவின் சூஹாய் நகரம் இந்தத் தொழிலுக்கே பேர்போன ஊர். நல்ல சரக்கும் அங்கிருந்து வரும், மட்டமும் வரும். எனக்கு வாய்த்தது இரண்டாவது ரகம். ஐந்தில் இரண்டு முதல் நாளே குப்பை: ஒன்றில் தூள் கொட்டியது, ஒன்றில் தாள் முழுக்கச் சாம்பல் பூத்தது. மூன்றாவதுதான் இந்தப் புள்ளிக்காரன். விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "கார்ட்ரிட்ஜை நன்றாகக் குலுக்கிப் போடவும்" என்று பதில் வந்தது. குலுக்கினேன். புள்ளி போகவில்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அன்றைக்குக் கணித வகுப்பில் அந்தத் தாளையே பாடமாக்கிவிட்டேன். புள்ளி ஒரே நேர்கோட்டில், பக்கத்துக்கு நான்கு இடத்தில் விழுந்திருந்தது. ரூலரை வைத்து அளக்கச் சொன்னேன். ஒவ்வோர் இடைவெளியும் 7.5 சென்டிமீட்டர். ஏதோ உருளையொன்று சுற்றிச்சுற்றி வந்து ஒரே இடத்தில் மை வைக்கிறது என்றால், அதன் சுற்றளவு 7.5. அதை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் ஏறக்குறைய 2.4. கார்ட்ரிட்ஜின் மூடியைத் தள்ளிப் பார்த்தோம். உள்ளே பச்சை உருளை. டிரம் என்பது அதுதான். அளந்தால் 24 மில்லிமீட்டர். உற்றுப் பார்த்தபோது அதன் மேல் குண்டூசி முனையளவு பொத்தல். வெளிச்சம் பட்டால் டிரம் கெட்டுவிடும் என்று அவசரமாக மூடினேன். ஏற்கெனவே கெட்டுப்போன டிரம்முக்கு என்ன பாதுகாப்போ!

சரி, உள்ளூரில் செய்ததை வாங்கிப் பார்ப்போம் என்று அப்போதுதான் தோன்றியது. மலேசியப் பொருளை வாங்குவோம் என்ற இயக்கம் 1984இல் தொடங்கியது. என் பள்ளிப் பருவம் முழுக்கக் காதில் விழுந்த சங்கதி. ஆனால் டோனருக்கு அது பொருந்தும் என்று நான் யோசித்ததே இல்லை. இத்தனைக்கும், ஷா ஆலாமில் டோனர் தூளையே தயாரித்து வெளிநாடுகளுக்கு விற்ற ஜாடி இமேஜிங் என்ற நிறுவனம் புர்சா மலேசியா பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது.

முதலில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கணினிக் கடைத்தொகுதிக்குப் போனேன். ஒரு கடையில் மலேசியாவின் ஜாலூர் கெமிலாங் கொடி அச்சிட்ட அட்டைப்பெட்டி, 'புவாத்தான் மலேசியா' (மலேசியத் தயாரிப்பு) என்று பெரிய எழுத்து. 55 வெள்ளி. வீட்டுக்கு வந்து பிரித்தால், கார்ட்ரிட்ஜின் அடியில் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கிறது: சீனாவில் செய்தது. அட்டைப்பெட்டி மட்டும் மலேசியா போலிருக்கிறது. 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டப்படி இப்படிப் பொய்யான விவரம் போடுவது குற்றம். புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, மறுநாள் 60 பேருக்குத் தாள் வேண்டியிருந்தது.

வழி காட்டியவர் ஒரு தமிழ்ப்பள்ளி கிராணி, அலுவலக எழுத்தர். பள்ளிக்கு வாங்கும்போது மூன்று இடத்தில் விலை கேட்டுப் பழகியவர். "டீச்சர், விலையைக் கடைசியாகக் கேளுங்க. கூடு யாருது, டிரம் எங்கேருந்து வருது, தூள் எங்கே செஞ்சது, கெட்டுப்போனா யாரு வந்து பார்ப்பா, இந்த நாலையும் முதல்ல கேளுங்க" என்றார். நான்கு கடைக்குப் போன் போட்டேன். மூன்று கடையில் முதல் கேள்வியிலேயே தடுமாறினார்கள். நான்காவது ஆள் ஷா ஆலாம் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் தமிழர். "நேர்லயே வந்து பாத்துருங்களேன் டீச்சர்" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். இரண்டு மேசை, சுவரோரம் காலி கார்ட்ரிட்ஜ் மலை, மூலையில் தூளுறிஞ்சும் எந்திரம். அது வீட்டு வேக்குவம் இல்லை. டோனர் தூள் அவ்வளவு நுண்மையானது, சாதாரண வேக்குவத்தில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். என் புள்ளிக்காரனை நீட்டினேன். இரண்டு ஊசிகளைத் தட்டி எடுத்து, கூட்டை இரண்டாகப் பிரித்து, டிரம்மை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். "பாத்தீங்களா, இங்கே பூச்சு உரிஞ்சிருக்கு. மின்சாரம் அந்த ஓட்டை வழியா இறங்கிடும், அங்கே மட்டும் தூள் வந்து ஒட்டும்." அடுத்து அந்தக் கார்ட்ரிட்ஜின் தூளைக் கொஞ்சம் தாளில் கொட்டி, இன்னொரு தாளில் தன் தூளையும் கொட்டினார். குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்தினார். அவருடைய தூள் சட்டென்று எழுந்து ரம்புத்தான் தோல்போல முள்முள்ளாக நின்றது. என்னுடையது சோம்பலாக அசைந்தது.

12ஏ தூளில் பிளாஸ்டிக், கரி ஆகியவற்றுடன் இரும்பு ஆக்சைடும் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் காந்த உருளை தூளை இழுப்பதே அதனால்தான். காந்தமில்லாத தூளில் ஓடும் எந்திரங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே தூள் என்று கலந்து விற்றால் இப்படித்தான். தூள் உருகும் சூடும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் தாளில் சரியாகப் பிடிக்காது என்றார். என் பயிற்சித்தாள்களைக் கட்டைவிரலால் தேய்த்தால் எழுத்து கையோடு வந்த காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

"அப்படின்னா உங்களுது முழுக்க மலேசியாவா, அண்ணே?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். டிரம் சீனாவுலேருந்துதான் வருது, நல்லதாப் பாத்து எடுக்கறேன். கூடு, ஒரிஜினலோட காலிக் கூடு. தூள் இங்கே செஞ்சது. கழுவி, மாத்தி, அச்சடிச்சுப் பாக்கறது நாங்க."

கொடி போட்ட பெட்டியைவிட இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. விலை 65 வெள்ளி, காலிக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தால் 5 வெள்ளி கழிவு. இரண்டு வாங்கினேன்.

வீட்டுச் சமையல் தராசில் புதியதை நிறுத்துத் தேதி போட்டேன். தீர்ந்த பிறகு மறுபடியும் நிறுத்தேன். ரீம் கணக்கு வைத்து எண்ணியதில் முதலாவது 1,430 பக்கம் கொடுத்தது. இறக்குமதிச் சரக்கில் ஓடிய மூன்றும் தலைக்கு 900தான். 160 வெள்ளியை 2,700 பக்கத்துக்குப் பங்கு போட்டால் பக்கம் கிட்டத்தட்ட 6 காசு. இவருடையது 4 காசும் சொச்சமும். அந்த ஐந்தும் ஒழுங்காக ஓடியிருந்தால் இறக்குமதிதான் மலிவு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளூர் என்பதால் எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. மூன்றாவது கார்ட்ரிட்ஜ், சோதனைத் தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமை, தாளின் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு இழுத்தது. மாலை ஆறு மணி. இன்னும் 300 தாள் பாக்கி. வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினேன். பழைய "குலுக்கிப் போடவும்" ஞாபகத்தில், பதில் வராது என்றே நினைத்துப் பக்கத்து நகலகத்தில் விலை கேட்டு வைத்தேன்.

எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில், மழைச்சட்டையோடு. மாடிப்படி ஏறி வந்தவர் முதலில் சட்டையைக் கழற்றி உதறி, கையைத் துடைத்துவிட்டுத்தான் எந்திரத்தைத் தொட்டார். "டிரம்மைத் துடைக்கற வைப்பர் பிளேடு ஓரத்துல மடங்கிருச்சு. எங்க பையன் மாட்டும்போது கவனிக்கல, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி, பையிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டார். பத்துத் தாள் ஓட்டிப் பார்த்தார். கீழே சிந்திய தூளை நான் ஈரத்துணியால் துடைக்கப் போனபோது, "சுடுதண்ணி வேணாம் டீச்சர், உருகி ஒட்டிக்கும், பச்சைத் தண்ணி" என்றார். தேநீர் குடிக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த படகுத் தாளைப் பார்த்து நின்றார். 7.5 என்று எழுதி, கீழே 2.4 என்று மாணவன் விடை போட்டிருந்தான்.

"இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? பட்டறைப் பையனுக்குக் காட்டணும்."

இப்போது மாதத்துக்கு இரண்டு என்று அவரிடமே வாங்குகிறேன். காலிக் கூடுகள் கதவோரம் கறுப்புப் பையில் இருக்கும், மாதக் கடைசியில் வந்து எடுத்துப்போவார். போன முறை பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு சூஹாய்க் கூடு டீச்சர், இது எனக்கு உதவாது" என்று அந்தப் புள்ளிக்காரனை மட்டும் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. உருளையின் சுற்றளவு பாடம் வரும்போது எடுப்பேன்.