மிளகுக்கு விட்ட இரண்டு சொட்டு

என் பூனை மிளகுக்கு 13 வயது. போன மாதம் ஜன்னல் திட்டில் தாவப் போனவள் பாதியில் நின்றுவிட்டு, ஏறும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்பது போலத் திரும்பி நடந்தாள். வலி இருந்தாலும் வெளியே காட்டாத ஜென்மம். பின்கால் மூட்டுகள் தேய்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

தோழி ஒருத்தி, தூக்கம் வரவில்லை என்று தனக்காக வாங்கிய சிபிடி எண்ணெயைக் கொண்டுவந்து நீட்டினாள். "கஞ்சாச் செடியில் எடுப்பதுதான், ஆனால் போதை கிடையாதுடி" என்றாள். போதை தருவது அதே செடியில் இருக்கும் டிஎச்சி என்ற பொருள், சிபிடி வேறு. அது சரிதான். நானும் இரண்டு சொட்டை மிளகின் வாயில் விட்டேன். நொடியில் வாயெல்லாம் நுரை. தலையை உதறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிட்டாள். தரையில் படுத்து டார்ச் அடித்தபடியே டாக்டருக்கு போன் செய்தேன்.

தள்ளாடுகிறாளா, கண்மணி விரிந்திருக்கிறதா, சிறுநீர் தானாகச் சொட்டுகிறதா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாளா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் டிஎச்சி உள்ளே போனால் தெரியும் அறிகுறிகளாம். எதுவும் இல்லை. கசப்போ காரமோ நாக்கில் பட்டாலே பூனைக்கு நுரை தள்ளும், அதுவாகத்தான் இருக்கும் என்றார். அப்புறம், "குப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். 30 மில்லியில் 1000 மில்லிகிராம் சிபிடி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால், நான் கொடுத்தது மூன்று மில்லிகிராமுக்குச் சற்று மேல். லேபிள் உண்மையானால் பயப்படும் அளவு இல்லை. அவருக்கு உறுத்தியது வேறு. முதலாவது, மணத்துக்குச் சேர்த்திருந்த புதினா எண்ணெய். அது பூனைக்கு ஆகாது. அடுத்தது, 'டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள்' என்ற வரி. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் ஒரு கிராம் எண்ணெயில் அது மூன்று மில்லிகிராம் வரை வரலாம். நாலு கிலோ உடம்புக்கு அது சும்மா இல்லை. போதாக்குறைக்கு, இந்தச் சரக்கில் லேபிளில் போட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகாதது புதிதல்ல; அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பல விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. விலங்குகளுக்கென்று எந்தச் சிபிடி மருந்துக்கும் அது அனுமதி கொடுக்கவில்லை.

நான் அதிகம் யோசித்தது பூனையின் ஈரலைப் பற்றி. சில மருந்துகளை உடைத்து வெளியேற்றும் ஒரு நொதி பூனைக்குச் சரியாக வேலை செய்யாது. நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரை எடுத்துவிடும். சிபிடியும் ஈரல் வழியாகத்தான் போக வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 8 பூனைகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் தாங்கிக்கொண்டன, ஆனால் ஒன்றுக்கு ரத்தத்தில் ஈரல் நொதி ஏறியது, ஈரல் சிரமப்படுகிறதோ என்று சந்தேகிக்க வைக்கும் அறிகுறி அது. எட்டே பூனைகள், அதுவும் நோயில்லாதவை. இதை வைத்துக்கொண்டு என் கிழவிக்கு எப்படித் தைரியமாகக் கொடுப்பது? சிபிடி விஷம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு நல்ல மருந்தாகவே வரலாம், வந்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். முதலில் போனில் "ஏதோ நக்கிவிட்டாள்" என்றுதான் ஆரம்பித்தேன். கஞ்சா என்ற சொல்லை டாக்டரிடம் சொல்லக் கூச்சம். அவர் இரண்டாம் முறை கேட்டபோதுதான் உண்மை வந்தது. மறைத்திருந்தால் தேவையில்லாத பரிசோதனைகளில் நேரம் போயிருக்கும்.

குப்பியைத் தோழியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி, மணல் தட்டின் முன்பக்கம் தாழ்வாக வெட்டியது, அரைக் கிலோ எடை குறைப்பு, இப்போதைக்கு இவ்வளவுதான். வலி மருந்து தொடங்கும் முன் ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்க்க அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிறார்கள். கூடையைக் கண்டாலே மிளகு மறுபடி கட்டிலுக்கு அடியில்தான், அது வேறு கதை.