ஹைஹாட் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

24 வருடமாகப் பேஸ் கிடார் வாசிக்கிற இசைக்குழுவிலிருந்து "விலகுகிறேன்" என்று காலையில் எழுதினேன். மத்தியானம் அடித்துவிட்டேன். ராத்திரி மறுபடி எழுதுகிறேன். விலகுகிறேன்.

மார்ச் 4, புதன்

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

பிராக்டீஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குழுவின் சின்னவன் ரெக்கார்டிங்கை அனுப்பினான். இப்போதெல்லாம் ஒவ்வொரு வாரமும் போனை கீபோர்டு ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பதிவு செய்கிறான். ஹெட்போனில் கேட்டேன்.

மூன்றாவது பாட்டு. நடுவில் எல்லாரும் ஓய்ந்து, பேஸும் டிரம்ஸும் மட்டும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, போகிற இடம். டிரம்ஸ் வாசிக்கிறவன் காலால் அடிக்கிற கிக்கும் என் நோட்டும் ஒரே சத்தமாக விழ வேண்டும். விழவில்லை. வாசலில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றிப் போடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது பாரில் சரியாகிவிடுகிறது. அப்பாடா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பக் கேட்டேன். நான் பிடிக்கவில்லை. அவன்தான் பின்னால் வந்திருக்கிறான்.

காத்திருக்கிறான்.

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்கு மட்டும் பதினோரு தடவை கேட்டிருப்பேன். "இன்னும் அந்த நாலு பார்தானா?" என்றார் இவர். பாட்டு பிடித்திருப்பதாகச் சொல்லிவைத்தேன்.

மார்ச் 7, சனி

கணினியில் போட்டுப் பார்த்தேன். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் கிக் ஒரு கூர் மாதிரி எழும்புகிறது, கொஞ்சம் தள்ளி என் நோட் புடைக்கிறது. இடைவெளி 38 மில்லிநொடி. வேறு இடங்களில் 31, 35, 40.

எனக்கு நானே வக்கீலாகி வாதாடினேன். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. பேஸ் சத்தத்தைப் பெருக்கித் தருகிற என் ஆம்ப் போனிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்கு 9 மில்லிநொடி. டிரம்ஸும் ஒரு மீட்டராவது தள்ளித்தான் இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை, வக்கீல் அப்படித்தான். தடித்த ஸ்ட்ரிங் எழும்பி முழுச் சத்தம் தரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதையும் கழித்தேன். கழித்துக் கழித்து 20 வரை கொண்டுவந்தேன். அதற்குக் கீழே கொண்டுபோக என்னிடம் வாதம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய ரெக்கார்டிங் ஒன்று கிடைத்தது. அதே பாட்டு, அதே இடம், நான் நின்றதும் அதே மூலை. 8. 11. 6.

மார்ச் 9, திங்கள்

காது பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காத சத்தத்துக்கும் அழுத்திவிடுகிறேனோ என்று பயம். இந்த வயதில் தேர்வு எழுதுகிற பயம்!

காகிதத்தில் 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடது காது சுமார். வலது காதில் 4000க்கு வரும்போது கோடு பள்ளத்தில் விழுந்து, 8000ல் கொஞ்சம் எழும்புகிறது. ரொம்ப நாள் பெரிய சத்தத்தில் இருந்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் குழி விழுமாம். எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்டார்கள். ஹைஹாட், டிரம்ஸில் அந்த ஜோடித் தட்டு, அது இருக்கிற பக்கம் என்றேன். அவனுக்கு இடது கைப் பக்கம், எனக்கு வலது காதுப் பக்கம். 24 வருடம், வாரத்துக்கு மூன்று மணி நேரம், ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்தத் தட்டு.

85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. மூன்று மூன்றாக ஏற ஏற நேரம் பாதியாகிக்கொண்டே வரும். 100க்குப் பதினைந்தே நிமிடம். காதடைப்பான் போட ஆரம்பித்தது நான்கு வருடத்துக்கு முன்புதான். அதுவும் சின்னவன் திட்டியதால்.

என் பேஸின் அடி ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ். அதை அவர்கள் சோதிக்கவே இல்லை, அங்கே எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஆனால் நான் நேரம் பிடிப்பது என் சத்தத்தை வைத்தா? ஹைஹாட்டின் அந்த "ட்ஸ்"ஸை வைத்துத்தானே. அது எனக்கு மழுங்கிவிட்டது, அதனால்தான் கிக் விழுந்த பிறகு எழுந்து ஓடுகிறேன் என்றேன். காது பார்த்தவர் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு நேரடியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கென்னவோ அதுதான்.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிடுவது என்று போனேன். போனவுடன் சின்னவன், "அக்கா, இந்த வருஷம் ஆறு புதுப் பாட்டு" என்று பட்டியலை நீட்டினான். சரி என்றேன்.

பாடுகிற பெரியவருக்காக எல்லாப் பாட்டையும் இரண்டு படி இறக்கியிருக்கிறோம். அதை வயது என்று யாரும் சொன்னதில்லை, "இந்தச் சுருதிதான் பாட்டுக்கே பொருத்தம்" என்றுதான் பேச்சு. கீபோர்டு தன் தாள்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வருகிறார், அதையும் யாரும் கவனிக்காத மாதிரி இருக்கிறோம். அப்போ எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூச்சம்?

சுருதியை இறக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். தாளத்தை என்ன செய்வது?

மார்ச் 13, வெள்ளி

பில் வைமன் பற்றி ஒரு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் குழுவில் பேஸ். 1962 டிசம்பரில் சேர்ந்தவர், 1993ல் விலகினார். அப்போது அவருக்கு 56. அவர் இடத்தில் டேரில் ஜோன்ஸ் 1993லிருந்து வாசிக்கிறார், ஆனால் அதிகாரபூர்வ உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. வைமன் விட்டுப்போன நாற்காலி முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு மாதிரி காலியாகவே கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப ஆறுதலாக இருந்தது.

ஆறுதலாக இருந்ததை நினைத்தால் அசிங்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

தாளம் தட்டுகிற மெட்ரோனோம் கருவியோடு ஒரு மணி நேரம். தனியாக வாசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 17, செவ்வாய்

என்ன காரணம் சொல்வது? தோள் வலி. பொய் இல்லை, நாலு கிலோ மரத்தை மூன்று மணி நேரம் ஒரே தோளில் தொங்கவிட்டால் யாருக்கும் வலிக்கும். ஆனால் தோள் என்றால் "உட்கார்ந்து வாசி" என்பார்கள். குடும்பம் என்றால் இவர் மாட்டிக்கொள்வார். காது என்றால் ஆளாளுக்கு மருத்துவம் சொல்வார்கள். நேரம் தப்புகிறது என்றால் எல்லாரும் சேர்ந்து "இல்லவே இல்லை" என்பார்கள், அவனைத் தவிர. அவன் ஒன்றும் பேசாமல் குச்சியைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

மார்ச் 19, வியாழன்

இடம் மாறி நின்றேன். அந்தப் பக்கம் ஆம்பின் மூச்சு நன்றாகக் கேட்கிறது என்று ஏதோ உளறிவிட்டு அவனுடைய மறுபக்கம் போனேன், இடது காது அவன் பக்கம் இருக்கிற மாதிரி. அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான்.

ரெக்கார்டிங்கை வந்தவுடன் அளந்தேன். 18. 15. 21.

மார்ச் 20, வெள்ளி

தூக்கம் இல்லை, எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

18 என்று பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். இடம் மாறி நின்றாலே பாதி குறைகிறது. காதுக் கருவி இருக்கிறது, மேடையில் காதுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் மானிட்டர் இருக்கிறது, அதில் ஹைஹாட்டை ஏற்றி வைத்துக்கொண்டால் மீதியும் குறையும். வழி இருக்கிறது. வழி இருப்பது தெரிந்தவுடன் என் வயிற்றில் வந்தது ஏமாற்றம். சாட்சாத் ஏமாற்றம். விடுமுறை என்று நினைத்து எழுந்தவளிடம் இன்றைக்குப் பள்ளி உண்டு என்று சொன்ன மாதிரி.

அப்படியென்றால் இந்த மில்லிநொடிக் கணக்கெல்லாம் எதற்கு? பதினோரு தடவை எதற்கு? நான் பிழையைத் தேடவில்லை போலிருக்கிறது, மருத்துவச் சான்றிதழைத் தேடியிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், புதன்கிழமையே மனசு கனக்க ஆரம்பித்துவிடுகிறது. எப்போதிலிருந்து? ஒரு வருடம், இல்லை, அதற்கு மேலேயே இருக்கும். அதே முப்பது பாட்டு. பெரியவர் இரண்டாவது பாட்டுக்குப் பிறகு சொல்லும் அதே நகைச்சுவை. கடைசி ஒரு மணி நேரம் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். நேரம் தப்பாமல் என்ன செய்யும்?

ஆனால் காலையில் இவர் எழுவதற்கு முன்னால், ஆம்பில் சொருகாமல், பேஸை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேனே, அது பிடிக்கிறது. முதுகுப் பலகை நெஞ்செலும்பில் அதிர்வது பிடிக்கிறது. பேஸ் அலுக்கவில்லை. அவர்களும் அலுக்கவில்லை, நாளைக்கே யாராவது ஆஸ்பத்திரியில் என்றால் முதலில் ஓடுவது நான்தான். அலுத்தது வியாழக்கிழமை.

இதை எப்படிச் சொல்வது? தோள் வலி என்றே சொல்லிவிடலாம்.

மார்ச் 22, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். "அப்புறம் வியாழக்கிழமை என்ன பண்ணுவே?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு மாலை இவருக்கும் தனியாகக் கிடைத்துக்கொண்டிருந்தது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் 24, செவ்வாய்

அவன் போன் செய்தான், 11ஆம் தேதி நிகழ்ச்சிக்கு எத்தனை மணிக்குச் சாமான் ஏற்றுவது என்று கேட்க. சொல்லிவிட்டேன். நிகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று.

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு, "காதா?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரியுமா என்றேன். "நீ பக்கம் மாறி நின்னப்பவே" என்றான்.

நீ எனக்காகக் காத்திருக்கிறாய், எனக்குத் தெரியும் என்றேன். சிரித்தான். "நான் 24 வருஷமா அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன். நீ இப்பதான் கவனிக்கிறே."

பொய். 8, 11, 6 என்னிடம் இருக்கிறது. அவனிடம் அதைச் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறேன் என்பதையும் சொல்லவில்லை.

மார்ச் 26, வியாழன்

எல்லாரிடமும் சொல்லியாயிற்று. பெரியவர், "ஒரு பிரேக் எடுத்துக்கோம்மா, போதும்" என்றார். சின்னவன் கேபிளைச் சுற்றிக்கொண்டே இருந்தான், சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடி சுற்றினான். கீபோர்டு, "ஆம்ப்?" என்று கேட்டார். ஆம்ப் பொதுப் பணத்தில் வாங்கியது. சரியான கேள்விதான்.

மார்ச் 27, வெள்ளி

ஆம்ப்!

மார்ச் 29, ஞாயிறு

ஆள் கிடைத்துவிட்டதாம். சின்னவனுடைய சிநேகிதன். மூன்று நாள். முழுசாக மூன்று நாள்கூட இல்லை.

வைமன் நாற்காலி எல்லாம் வைமனுக்குத்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

புதுப் பையன் வந்தான். நல்ல பையன், நல்லவனாக இல்லாமல் இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். என் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். 24 வருடம், 14 பக்கம்.

"ஏழாவது பாட்டுல இந்த இடத்துல ஏன் மேடம் ஒரு பீட் நிறுத்தம்?" என்று கேட்டான். அது நிறுத்தமே இல்லை. ஒரு மேடையில் ஸ்ட்ராப் கழன்று நான் பேஸைப் பிடிக்கப் போனேன், நோட் விடுபட்டது. டிரம்ஸில் அவனும் கூடவே நிறுத்திவிட்டான். கைதட்டல் வந்தது. அன்றிலிருந்து அப்படித்தான். பையனிடம் "அங்கே கொஞ்சம் மூச்சு விடணும்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு பாட்டுக்குப் பையனை வாசிக்கவிட்டு வெளியே போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தால் பேஸும் கிக்கும்தான் வெளியே வரும், மற்றதெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். இரண்டும் ஒரே சத்தமாக வந்தது. டிரம்ஸில் அவன் கிக் எவ்வளவு லேசாக விழுகிறது! இப்படி வாசிப்பான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்று எதுவும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஸ்ட்ரிங் மாற்றலாமா என்று எடுத்தேன். ஒரு நிகழ்ச்சிக்காகவா? வேண்டாம். பழசுக்கு ஒரு மந்தமான இனிமை உண்டு, எனக்கு அதுதான் பிடித்தம். பையன் வந்ததும் எப்படியும் பளபளவென்று புதுசு போடப்போகிறான்.

ஏப்ரல் 11, சனி, நள்ளிரவுக்கு மேல்

வாசித்தாயிற்று. ஹைஹாட் பக்கமே நின்றேன், காதடைப்பானோடு. கடைசி ஒரு மணி நேரம் கடிகாரம் ஞாபகத்துக்கே வரவில்லை, மேடையில் கடிகாரம் இல்லை என்பதும் ஒரு காரணம். அந்த நான்கு பாரில் அவனைப் பார்த்தேன். அவன் கிக்கைப் பார்க்காமல், தட்டைப் பார்க்காமல், என் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் மைக்கில் ஏதோ சொன்னார். அழ மாட்டேன் என்று இருந்தேன். ஏழாவது பாட்டு நிறுத்தத்தில் போய் அழுதேன், ஒரு பீட்தான், சமாளித்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சின்னவன் ரெக்கார்டிங் அனுப்பியிருக்கிறான். திறக்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

ஏழு மணி. இவர் டிவியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். "நடக்கப் போலாமா?" என்றார். போனோம். எட்டு மணிக்கே வந்துவிட்டோம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்னும் திறக்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஆம்பை எடுத்துப்போக நாளைக்கு அவன் வருகிறான். அடியில் ஒரு சக்கரம் கழன்றிருக்கிறது, நிகழ்ச்சியன்று ஏற்றும்போது ஆனது. அதன் திருகாணியைப் பத்திரமாக எங்கேயோ வைத்தேன். பேஸ் உறையில் இல்லை. நோட்டுப் புத்தகத்தோடு பையனிடம் போய்விட்டதோ என்னவோ, காலையில் கேட்க வேண்டும்.