கூரை பச்சையாவதற்குள்

பிப்ரவரி 2, திங்கள்

மஞ்சள் காமாலை. ரத்தத்தில் பிலிருபின் 11.2. அம்மா அந்தத் தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அக்கா மகனின் லேப்டாப் இங்கேதான் கிடக்கிறது. திருப்புதல் தேர்வு முடியும்வரை அது அவன் கண்ணில் படக் கூடாது என்று அக்கா உத்தரவு. மைன்கிராஃப்ட் விளையாட்டில் அவன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கட்டிய வீடு அப்படியே இருக்கிறது. செம்புக் கூரை. ஓரங்களில் பச்சை ஏறத் தொடங்கியிருக்கிறது. ஃபோனில் சொன்னேன். "ஐயோ சித்தி, மெழுகு பூசினா அப்படியே நிக்கும். தேனடை வேணும். நான் வர்றதுக்குள்ள எப்படியாவது..." அதற்குள் அக்கா ஃபோனை வாங்கிவிட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். கூரையில் 112 பிளாக், கட்டை கட்டையாக. ஒன்றுக்கு ஒரு தேனடை.

பிப்ரவரி 3, செவ்வாய்

கஞ்சி. இளநீர். உறக்கம். கஞ்சி.

பிப்ரவரி 4, புதன்

சமவெளியில் ஒரு ஓக் மரத்தில் கூடு தொங்கியது. சந்தோஷத்தில் கோடரியால் வெட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே இருந்த மூன்றும் கண் சிவந்து என் மேல் பாய்ந்தன. கொட்டிய தேனீ அங்கேயும் பிழைப்பதில்லை. ஒரு நிமிடத்துக்குள் மூன்றும் ஒவ்வொன்றாக விழுந்து மறைந்தன. கூடும் கையில் கிடைக்கவில்லை.

மத்தியானம் முழுக்க அதே நினைப்பு. காய்ச்சல் நேரத்தில் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும் என்கிறாள் அம்மா. இது சின்ன விஷயம் இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சென்னை வீட்டு பால்கனியில் துளசிக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

பிப்ரவரி 6, வெள்ளி

இன்னொரு கூடு, பிர்ச் மரத்தில். இந்த முறை கை வைக்கவில்லை. கீழே ஒரு தீமூட்டி வைத்து, புகை கூட்டைத் தொடும்வரை நின்றேன். தேனீக்கள் வெயில் இருக்கும்வரை பூவுக்கும் கூட்டுக்கும் போய் வந்தன. பூந்தூளோடு உள்ளே போன ஒவ்வொன்றும் சுமார் இரண்டு நிமிடம் கழித்துத்தான் வெளியே வருகிறது. அப்போதுதான் தேன் ஒரு படி ஏறுகிறது. ஐந்து படி ஏறியதும் கூட்டிலிருந்து தேன் சொட்டத் தொடங்கியது. கத்தரியால் எடுத்தேன். மூன்று தேனடை. ஒன்றும் கொட்டவில்லை.

மூன்று தேனடை, ஆறு பலகை. ஒரு தேனீப் பெட்டி செய்ய மிகச் சரியாக அவ்வளவுதான் வேண்டும்.

அப்பா கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார். "இதுல ராணி எங்க மக்களே?"

ராணி கிடையாது அப்பா என்றேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போகும்போது திரையைப் பார்த்துச் சொன்னார்: "கதம்பல் போட்டா இன்னும் நல்லா புகையும்." தேங்காய் மட்டையைச் சொல்கிறார்.

பிப்ரவரி 7, சனி

இரவு முழுக்க ஒரே யோசனை. எழுதிவிட்டால் போகுமோ என்று எழுதுகிறேன்.

நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த இடம் உறைந்துவிடுகிறது. தேனீ பறந்தபடியே நிற்கும், பூ அப்படியே, தேன் ஏறாது. திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஆகவே பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எனக்கும் வேறு வேலை இல்லை, இருக்கலாம். ஆனால் கூரைக்கும் இதே விதிதான். நான் அருகில் இருக்கும்போதுதான் செம்பு பச்சையாகிறது. வீட்டு வாசலில் பெட்டி வைத்தால் தேன் ஏற ஏறக் கூரையும் கெடும். அவனுக்காக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவன் கூரையைத் தின்னும்.

விடியும்போது விடை வந்தது. பண்ணையைத் தூரத்தில் போடுவது. பிர்ச் மரம் இருக்கும் இடத்திலேயே. அங்கே நான் உட்கார்ந்திருக்க, கூரை உறைந்தபடி தூங்கட்டும். தேனடை சேர்ந்ததும் எடுத்துக்கொண்டு ஓடுவது, பூசுவது, உடனே திரும்பிவிடுவது.

துளசி உறையாது. அதுதான் கஷ்டம்.

பிப்ரவரி 9, திங்கள்

9.6. குறைந்திருக்கிறது!

நான்கு பெட்டிகள். பூவைக் காட்டினால் பின்னால் வருகின்றன, இரண்டுக்குக் கொடுத்தால் குட்டித் தேனீ பிறக்கிறது, இருபது நிமிடத்தில் வளர்ந்துவிடுகிறது. சுற்றிலும் கண்ணாடி அடைத்துவிட்டேன். உள்ளே பாப்பி பூக்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தானாக அறுக்கும் ஏற்பாடு இன்று முடிய வேண்டியது. முடியவில்லை.

பெட்டிக்குப் பின்னால் கம்பரேட்டர். தேன் எத்தனை படியோ அத்தனை வலுவில் சமிக்ஞை கொடுக்கும். அதிலிருந்து மின்கம்பி மாதிரி ரெட்ஸ்டோன் தூள் வரிசை. ஒவ்வொரு தூளுக்கும் வலு ஒன்று குறையும். வரிசையின் கடைசியில் டிஸ்பென்சர், மின்சாரம் வந்தால் உள்ளே இருப்பதை இயக்கும் இயந்திரம். அதற்குள் கத்தரி. டிஸ்பென்சர் அறுத்தால் தேனீக்கு ஆளைத் தெரியாது, கோபமும் வராது, புகையும் வேண்டாம். விழும் தேனடையைக் கீழே தண்டவாளத்தில் நிற்கும் ஹாப்பர் வண்டி பிளாக்கைத் தாண்டி இழுத்துக்கொள்ளும். எல்லாம் சரி. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வந்தது, 'டிக்' என்று ஒரு சத்தம். ஐந்து வந்தது, ஒன்றும் இல்லை. தேன் சொட்டுகிறது, கத்தரி சும்மா இருக்கிறது. நான்கு பெட்டியிலும் இதே கதை.

உடைத்தேன், மறுபடி வைத்தேன். மறுபடி நான்கில் 'டிக்'. தலை சுற்றியது. அம்மா லேப்டாப்பை மூடிவிட்டாள். அவளிடம் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 11, புதன்

தூள் நான்குதான் போட்டிருந்தேன்!

நான்காவது தூள் நான்காம் படியிலேயே எரிந்துவிடுகிறது. டிஸ்பென்சர் அப்போதே ஒருமுறை தட்டிப் பார்க்கிறது, பெட்டி நிறையவில்லை, ஒன்றும் கிடைக்காது. அப்புறம் ஐந்து வரும்போது மின்சாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அணைந்து மறுபடி எரிந்தால்தான் அது இன்னொரு முறை இயங்கும். ஐந்தாவது தூளை வைத்தேன். ஐந்தில் மட்டும் எரிந்தது, அறுத்தது, படி பூஜ்யத்துக்கு இறங்கியது, வரிசை அணைந்தது. ஹாப்பர் வண்டியில் மூன்று தேனடை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் புரியாமலேயே சிரித்தாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

அப்பா இன்று தானாகப் பேசினார். ரப்பர் இலை உதிர்ந்து புதுத்தளிர் விட்டாயிற்றாம், இது தேன் காலமாம். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிரின் இலைக்காம்பில் சுரக்கிறது. இதை அவர் சொல்லி நான் கேட்டு எத்தனை வருஷம்!

அப்புறம் 1991. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பெட்டியைத் திறந்தால் அறைக்குள் புழு தலையைத் தூக்கிச் செத்திருக்கும். ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை மாதிரி வரும். முதலில் இரண்டு பெட்டி, அடுத்த மாதம் ஒன்பது. சுற்றுவட்டாரத்தில் தேனீ வைத்திருந்த எல்லார் வீட்டிலும் அதேதான். அறுபது பெட்டியும் போன பிறகு பலகைகளை அடுக்கி வைத்திருந்தாராம், மறுபடி வைக்கலாம் என்று. வைக்கவில்லை. என் தொட்டில் பலகை அதிலிருந்து வந்ததுதான் என்றார்.

இது எனக்குத் தெரியாது. முப்பது வயதுக்கு மேல் தெரிகிறது.

பிப்ரவரி 14, சனி

நான்கு பெட்டி, ஒன்றில் மூன்று, ஆகப் பன்னிரண்டு. ஆனால் இரவில் ஒன்று மட்டும் கண்ணாடிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதின்மூன்றாவது. எப்போது பிறந்ததென்று தெரியவில்லை. எந்தப் பெட்டியிலும் இடமில்லை அதற்கு.

மூன்று தேனடையைக் கூரைக்கு எடுக்காமல் அதற்கு ஒரு பெட்டி செய்தேன். உடனே உள்ளே போய்விட்டது.

பிப்ரவரி 16, திங்கள்

9.9.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஏறியிருக்கிறது. சில பேருக்கு இடையில் இப்படி ஏறி இறங்கும் என்றார் டாக்டர். நான் ஏன் அந்தச் சில பேரில் இருக்க வேண்டும்? எண்ணெய் தொடவில்லை. படியிறங்கவில்லை. சொன்னதெல்லாம் செய்தேன். கண்ணாடியில் கண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

திறக்கவில்லை இன்று. அங்கே எல்லாம் நின்றிருக்கும்.

பிப்ரவரி 18, புதன்

அப்பாவே லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்தார். "ரப்பர் மாதிரி இலையில எடுக்கிற மரம் ஏதாவது இருக்கா இதுல?"

இருக்கிறது அப்பா. அசேலியா. பூத்த அசேலியாவின் இலையிலும் இவை உட்கார்ந்து எடுக்கும். குகைக்கு மேலே ஒரு மரம் நின்றது, கத்தரியால் பூத்த இலைகளை வெட்டி எடுத்து வந்து கண்ணாடிக்குள் அடுக்கினேன். ஒரு தேனீ பாப்பியை விட்டுவிட்டு இலைக்குப் போனது. அப்பா திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். மூச்சு என் கை மேல் பட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

71 பூசியாயிற்று. பச்சை ஏறியவற்றைக் கோடரியால் சுரண்டினால் ஒரு நிலை பின்னால் போகிறது, ஆரஞ்சு நிறம் வரும்வரை சுரண்டி உடனே மெழுகு. வேலையை முடித்துவிட்டு ஓடிவந்துவிடுகிறேன், கூரைக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம்கூட அதிகம் நிற்பதில்லை.

மாடி வீட்டு அம்மா ஃபோன் செய்தார். துளசி இருக்கிறதாம். ஒரு கிளை போயிற்றாம், மற்றது இருக்கிறதாம்.

பிப்ரவரி 21, சனி

கஞ்சியில் துவையல் கொஞ்சம். எண்ணெய் இல்லாமல். அமிர்தம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

நாளை ரத்தம் எடுக்க வருகிறார்கள், ஏழு மணிக்கு. வெறும் வயிற்றில்.

103. இன்னும் ஒன்பது. சேர்த்து வைத்ததில் ஆறு தேனடை இருக்கிறது, ஒரு அறுப்பு போதும். அங்கே மழை வந்துவிட்டது, எல்லாம் உள்ளே அடைந்துகிடக்கின்றன. கட்டிலில் படுத்தால் மழை விட்டு விடிந்துவிடும் அந்த உலகத்தில். இங்கே மணி இரண்டரை. அப்பாவும் தூங்கவில்லை, திண்ணையில் விளக்கு எரிகிறது.

விடிந்தது. மூன்றாவது பெட்டியில் நான்கு.