கஞ்சியிலிருந்து கறிக்குழம்பு வரை: பிரிக்பீல்ட்ஸில் ஈஸ்டர்

பெரிய வெள்ளிக்கு மலேசியாவில் சபா, சரவாக்கில்தான் பொது விடுமுறை. கோலாலம்பூரில் அது சாதாரண வேலைநாள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அத்தை வீட்டில் முன்கூட்டியே லீவு சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

மால்களில் சாக்லேட் முட்டை குவிந்து கிடந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முழுக்க முட்டை விலக்கு. கோழிக்கு அது தெரியுமா? சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டருக்கு வந்தன. ஓடு கல்லறைக்கும், வெளியே வரும் குஞ்சு உயிர்ப்புக்கும் அடையாளமாயின. சாக்லேட் முயலில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை.

பெரிய வியாழன் இரவு பக்கத்து வீட்டுச் சேச்சி கூப்பிட்டார். கேரளத்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், ஆனால் தமிழ் சரளம். அந்த வருடம் அவர் கணவர் இறந்திருந்தார். பெரிய வியாழன் இரவு வீட்டில் வெட்டிப் பகிரும் பெசஹா அப்பத்தைத் துக்க வீட்டில் அவிப்பதில்லை, உறவினர் கொண்டுவந்து தருவது வழக்கம். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அவர் அண்ணன் தூக்குப் பாத்திரத்தோடு வந்திருந்தார்.

அரிசி மாவு, உளுந்து, தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம் சேர்த்துப் புளிக்க வைக்காமல் அவித்த அப்பம். எகிப்தை விட்டு அவசரமாகக் கிளம்பிய இஸ்ரயேலருக்கு மாவு புளிக்க நேரமில்லை, அந்த நினைவு. மேலே குருத்தோலை ஞாயிற்றின் ஓலையில் ஒரு சிலுவை. வழக்கமாக வீட்டுத் தலைவர்தான் வெட்டுவார். கத்தியை எடுத்த அண்ணன் சேச்சியைப் பார்த்தார். "வெட்டுங்க அண்ணே" என்றார் சேச்சி. செபம் சொல்லி வெட்டி, மூத்தவரிலிருந்து வயது வரிசைப்படி கொடுத்தார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் காய்ச்சிய 'பால்' தொட்டுக்கொள்ள. உப்புக் கரிக்கும் அப்பத்துக்கு அது இல்லாமல் முடியாது.

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப் பாதை வழிபாடு முடிந்து கஞ்சியும் தேங்காய்த் துவையலும். கத்தோலிக்க விதிப்படி நோன்பு 18 வயதிலிருந்து 59 வரைதான். அத்தைக்கு அறுபது தாண்டி வெகுநாளாயிற்று. "உனக்கு வேணும்னா ரொட்டி சானாய் வாங்கிக்க தம்பி" என்றார். எப்படி வாங்குவது?

ஞாயிறு காலை தோசையும் மட்டன் குழம்பும். எகிப்தை விட்டுக் கிளம்பும் முன் இஸ்ரயேலர் அடித்த பாஸ்கா ஆட்டுக்குட்டி என்றால் செம்மறி அல்லவா, இது வெள்ளாடு ஆயிற்றே என்று மாமாவைச் சீண்டினேன். மனிதர் கை கழுவிவிட்டு வந்து விவிலியத்தை எடுத்து, விடுதலைப் பயணம் 12:5-ஐக் காட்டினார். செம்மறியும் ஆகலாம், வெள்ளாடும் ஆகலாம் என்றே இருக்கிறது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னேன்.